தீர்வு எடுத்துக்காட்டுகள் வழி இயன்முறை மருத்துவக் கல்வி: ஒரு வரலாறு

தீர்வு எடுத்துக்காட்டு என்பது, ஒரு வினாவை மட்டும் மாணவரிடம் கொடுக்காமல், தேர்ந்த ஒருவர் அதை எந்த வரிசையில், என்ன காரணத்தால், எப்படித் தீர்த்தார் என்பதையும் படிப்படியாக எழுதிக் காட்டும் கற்பித்தல் முறையாகும். பள்ளிக் கணக்குப் புத்தகங்களில் பயிற்சிக்கு முன்னால் ‘எடுத்துக்காட்டு’, ‘தீர்வு’ என்ற தலைப்புகளில் வருவது இதுவே. இம்முறை இன்று இயன்முறை மருத்துவ (பிசியோதெரபி) மாணவர்களுக்கு நோயாளியை ஆராய்ந்து முடிவெடுக்கக் கற்பிக்கவும் இணையவழியில் பயன்படுகிறது.

நோயாளியின் பேச்சைக் கேட்டு, உடலைச் சோதித்து, இருக்கக்கூடிய காரணங்களை எடைபோட்டு, என்ன செய்வது, என்ன செய்யக்கூடாது என்று முடிவு செய்யும் சிந்தனை இக்கட்டுரையில் ‘மருத்துவ ஆய்ந்தறிதல்’ என்று குறிப்பிடப்படுகிறது. தேர்ந்தவரின் கை செய்வதை மாணவர் பார்க்கலாம். மனம் செய்வதைப் பார்க்க முடியாது. அதை வெளியே கொண்டுவர நடந்த முயற்சிகளே இந்த முறையின் வரலாறு.

கட்டளைப்படி சிகிச்சை செய்த காலம்

இயன்முறை மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவரான சுவீடன் நாட்டுப் பெர் ஹென்ரிக் லிங், 1813-இல் ஸ்டாக்ஹோம் நகரில் உடற்பயிற்சிக்கான அரச நடுவண் நிறுவனத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தில் 1894-இல் நான்கு செவிலியர் சேர்ந்து, பயிற்சி பெற்ற உடல்பிடிப்புப் பெண்களின் சங்கத்தை அமைத்தனர். அக்காலத்தில் ‘மசாஜ்’ என்ற பெயரில் தவறான தொழில் நடத்திய நிலையங்களைப் பற்றி இதழ்களில் எழுந்த கண்டனமே அதற்கு உடனடிக் காரணம். தங்கள் தொழிலின் மானத்தைக் காக்க அச்சங்கம் கடுமையான விதிகளை வகுத்துக்கொண்டது. மருத்துவரின் அறிவுறுத்தல் இன்றி யாருக்கும் சிகிச்சை அளிக்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று.

அந்த விதி தொழிலுக்கு மதிப்பைத் தேடித்தந்தது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. நோய் என்ன என்று முடிவு செய்வது மருத்துவர் வேலை. எழுதிக் கொடுத்ததைச் செய்வது சிகிச்சையாளர் வேலை என்ற பிரிவு நிலைத்தது. முதல் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களும், இளம்பிள்ளைவாதம் தாக்கிய குழந்தைகளும் இத்தொழிலின் தேவையைப் பெருக்கியபோதும் பயிற்சி பெரும்பாலும் உடற்கூற்றியலையும் கைத்திறனையுமே சுற்றி இருந்தது. ‘ஏன் இதைச் செய்கிறோம்’ என்ற கேள்விக்கு விடை மருத்துவரின் சீட்டில் இருந்தது.

தனித்து முடிவெடுக்கும் பொறுப்பு

இந்த நிலை 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மாறியது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் 1957-இல், மருத்துவரின் பரிந்துரை இல்லாமலே இயன்முறை மருத்துவரை நோயாளிகள் நேரடியாக நாடச் சட்டம் இடமளித்தது. ஆஸ்திரேலியாவில் 1976-இல் அந்நாட்டு இயன்முறை மருத்துவச் சங்கம், பரிந்துரை கட்டாயம் என்ற நெறியை நீக்கியது. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் ஏதேனும் ஒரு வடிவில் நேரடி அணுகல் கிடைக்க 2015 வரை ஆயிற்று.

பரிந்துரைச் சீட்டு இல்லாமல் வரும் நோயாளியிடம், முதலில் கேட்க வேண்டிய கேள்வியே வேறு. ‘முதுகுவலி’ என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு ஆபத்து ஏதும் இருக்காது. ஆனால் அரிதாக ஒருவருக்கு அது எலும்பில் பரவிய புற்றுநோயாக இருக்கலாம். இன்னொருவருக்கு முதுகுத்தண்டின் அடியில் உள்ள குதிரைவால் நரம்புக் கற்றை நசுங்கியிருக்கலாம். அவரை உடனே அறுவை மருத்துவரிடம் அனுப்பாவிட்டால் சிறுநீர், மலம் கழிக்கும் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடக்கூடும். இத்தகைய அபாயக் குறிகளைக் கண்டறியும் பொறுப்பு இயன்முறை மருத்துவரின் தலையில் விழுந்தது. கைத்திறன் மட்டும் போதாது என்பது அப்போதுதான் வெளிப்படையாகத் தெரிந்தது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரைச் சேர்ந்த ஜெஃப்ரி மெயிட்லாண்ட் இதற்கு முன்பே ஒரு வழி காட்டியிருந்தார். முதுகெலும்பு அசைவுச் சிகிச்சை பற்றிய அவரது நூல் 1964-இல் வெளிவந்தது. ஒவ்வொரு சிகிச்சைக்குப் பின்னும் நோயாளியை மறுபடி சோதித்து, மாற்றம் உண்டா என்று பார்த்து, அடுத்த படியை அதற்கேற்பத் தீர்மானிக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். புத்தக அறிவையும் நோயாளியிடம் கண்டதையும் தனித்தனியே வைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் அவருடைய முறையின் அடிப்படை.

மருத்துவக் கல்வி கண்ட இரு வழிகள்

மருத்துவர்களின் கல்வியில் இந்தச் சிக்கல் முன்னரே எழுந்திருந்தது. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் மாணவராக இருந்த வால்டர் கேனன், 1900-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சட்டக் கல்லூரி மாணவர்கள் பழைய வழக்குகளை ஆராய்ந்து சட்டம் கற்பதுபோல, மருத்துவ மாணவர்களும் நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்து கற்கலாம் என்பது அவர் வாதம். பாஸ்டன் மருத்துவர் ரிச்சர்ட் கேபட் இதை வளர்த்தெடுத்தார். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நடந்த கூட்டங்களில், நோயாளியைப் பார்த்தேயிராத ஒரு மருத்துவர், குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, தாம் நினைப்பதை அனைவர் முன்னும் உரக்கச் சொல்லிக்கொண்டே முடிவுக்கு வருவார். பிறகு நோய்க்கூற்றியல் மருத்துவர் உண்மையை வெளியிடுவார். 1920-களிலிருந்து இவை மருத்துவ இதழில் அச்சாகி வருகின்றன. மருத்துவ ஆய்ந்தறிதலில் தீர்வு எடுத்துக்காட்டின் முன்னோடி வடிவம் என்று இவற்றைக் கொள்ளலாம்.

இரண்டாவது வழி இதற்கு நேர்மாறானது. கனடாவின் ஹாமில்டன் நகரில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 1969-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அங்கே சிறு குழுக்களாக அமர்ந்த மாணவர்களிடம், விரிவுரைக்கு முன்னதாகவே ஒரு நோயாளியின் சிக்கல் தரப்பட்டது. என்ன தெரியும், எதைப் படிக்க வேண்டும் என்று அவர்களே கண்டறிய வேண்டும். ‘சிக்கல்வழிக் கற்றல்’ எனப்படும் இம்முறையை ஹோவர்ட் பாரோஸ் போன்றோர் உலகெங்கும் பரப்பினர். இயன்முறை மருத்துவக் கல்லூரிகள் பலவும் பின்னர் இதைப் பின்பற்றின.

மருத்துவர்கள் உண்மையில் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பதை ஆர்தர் எல்ஸ்டீன், லீ ஷுல்மன், சாரா ஸ்பிராஃப்கா ஆகியோர் ஆராய்ந்து 1978-இல் நூலாக வெளியிட்டனர். மருத்துவர்கள் எல்லாத் தகவலையும் சேர்த்த பிறகு யோசிப்பதில்லை. முதல் சில நிமிடங்களிலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய கருதுகோள்களை வைத்துக்கொண்டு, அடுத்த கேள்விகளால் அவற்றைச் சோதிக்கிறார்கள் என்று அவர்கள் கண்டனர். ஒரு நோயில் சரியாக முடிவெடுத்தவர் இன்னொரு நோயிலும் அப்படியே முடிவெடுப்பார் என்று சொல்ல முடியாது என்பது அவர்களின் மற்றொரு கண்டுபிடிப்பு. அதாவது, பொதுவான ‘சிந்திக்கும் திறமை’ ஒன்றைக் கற்றுவிட்டால் போதும் என்பது சரியல்ல. அந்தந்த நோய் பற்றிய, ஒழுங்குபட்ட அறிவும் வேண்டும்.

இயன்முறை மருத்துவம் தன் சிந்தனையை எழுதத் தொடங்குதல்

1985-இல் ஓட்டோ பேட்டன் இயன்முறை மருத்துவர்களை ஆராய்ந்து, அவர்களின் சிந்தனை முறையும் மருத்துவர்களுடையதை ஒத்தது என்று எழுதினார். அடுத்த ஆண்டு ஜூல்ஸ் ராத்ஸ்டீன், ஜான் எக்டெர்நாக் இருவரும் கருதுகோள் அடிப்படையிலான ஒரு படிமுறையை வெளியிட்டனர். அதன் முதல் பகுதி சோதனைக்கும் சிகிச்சைத் திட்டத்துக்கும் வழிகாட்டியது. இரண்டாம் பகுதி, பலன் கிடைக்காதபோது எங்கே தவறு என்று திரும்பிப் பார்க்கச் செய்தது: சிகிச்சை சரியாகச் செய்யப்பட்டதா, தேர்ந்தெடுத்த சிகிச்சையே தவறா, அல்லது முதலில் கொண்ட கருதுகோளே தவறா?

ஆஸ்திரேலியாவின் மார்க் ஜோன்ஸ் 1992-இல் எழுதிய கட்டுரை, இயன்முறை மருத்துவர் மனத்தில் வைத்திருக்க வேண்டிய கருதுகோள்களை வகைப்படுத்தியது. வலியின் மூலம் எது, அதற்குத் துணைபோகும் காரணிகள் எவை, எச்சரிக்கை தேவைப்படும் நிலை உண்டா, என்ன சிகிச்சை, எவ்வளவு குணமாகும் என்பன அவற்றுள் அடங்கும். ஜாய் ஹிக்ஸுடன் அவர் தொகுத்த, நலத்துறைத் தொழில்களில் ஆய்ந்தறிதல் பற்றிய நூல் 1995-இல் வந்தது. 2004-இல் டேரன் ரிவெட்டுடன் சேர்ந்து தொகுத்த நூலில், பல நாட்டுத் தேர்ந்த சிகிச்சையாளர்கள் தம் நோயாளிகளைப் பற்றி எழுதினர். ஆங்காங்கே தொகுப்பாசிரியர்கள் குறுக்கிட்டு, ‘இந்த இடத்தில் உங்கள் எண்ணம் என்ன’ என்ற வகையில் கேட்க, அவர்கள் விடையளித்தனர். இணையப் பாடங்கள் பின்னாளில் கையாண்ட அமைப்பு இந்த அச்சு நூலிலேயே இருந்தது.

கணக்கு வகுப்பிலிருந்து வந்த சான்று

இந்த முறைக்கு அறிவியல் அடிப்படை கிடைத்தது மருத்துவமனையில் அல்ல, கணக்கு வகுப்பில். சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் சுவெல்லரும் கிரகாம் கூப்பரும் 1985-இல் இயற்கணிதம் கற்கும் மாணவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வை வெளியிட்டனர். ஒரு பிரிவினர் கணக்குகளைத் தாமே போட்டனர். மற்றப் பிரிவினருக்குத் தீர்வு எழுதிய கணக்கு ஒன்றும், அதைப் போலவே தாமே போட வேண்டிய கணக்கு ஒன்றும் மாறி மாறித் தரப்பட்டன. இரண்டாம் பிரிவினர் குறைந்த நேரத்தில் கற்றனர். பின்னர் அதே வகைக் கணக்குகளில் குறைவாகவே தவறு செய்தனர்.

காரணத்தை சுவெல்லர் 1988-இல் ‘அறிவுச்சுமைக் கோட்பாடு’ வழியே விளக்கினார். மனிதரின் செயல் நினைவு ஒரே நேரத்தில் மிகச் சில புதிய செய்திகளையே தாங்கும். விடை தெரியாமல் தேடும் தொடக்க மாணவர், அந்தத் தேடலிலேயே நினைவின் இடத்தைச் செலவழித்துவிடுகிறார். கணக்கின் அமைப்பைக் கவனிக்க இடம் மிஞ்சுவதில்லை. தீர்வு எடுத்துக்காட்டு அந்தத் தேடலை நீக்குகிறது.

எடுத்துக்காட்டைக் கண்ணால் ஓட்டிவிட்டால் போதாது என்பதை மிச்சலீன் சீயும் உடன் ஆய்வாளர்களும் 1989-இல் காட்டினர். இயற்பியல் எடுத்துக்காட்டுகளைப் படித்தவர்களில் நன்கு கற்றவர்கள், ஒவ்வொரு வரியிலும் நின்று ‘இது ஏன் வந்தது’ என்று தமக்குத்தாமே விளக்கிக்கொண்டவர்கள். மற்றவர்கள் புரிந்துவிட்டதாக நினைத்து நகர்ந்தவர்கள்.

2006-இல் பால் கிர்ஷ்னர், சுவெல்லர், ரிச்சர்ட் கிளார்க் மூவரும், தொடக்க மாணவரை வழிகாட்டலின்றி விடும் முறைகள் பலன் தருவதில்லை என்று எழுதி, சிக்கல்வழிக் கற்றலையும் அதில் சேர்த்தனர். சிண்டி ஹ்மெலோ-சில்வரும் மற்றவர்களும் 2007-இல் மறுமொழி எழுதினர்: சரியாக நடத்தப்படும் சிக்கல்வழிக் கற்றலில் ஆசிரியரின் தாங்குதல் நிறையவே உண்டு என்பது அவர்கள் வாதம். எந்த அளவு தாங்குதல், யாருக்கு, எப்போது என்ற கேள்வி இந்த விவாதத்தால் கூர்மையடைந்தது.

ஓர் எடுத்துக்காட்டின் அமைப்பு

இணையவழித் தீர்வு எடுத்துக்காட்டு எப்படி அமையும் என்பதை விளக்க, ஒரு கற்பனை நோயாளியைக் கொள்ளலாம். 64 வயது ஆண். நீண்ட நாள் புகைப்பழக்கம் உடையவர். 200 மீட்டர் நடந்ததும் இரு கெண்டைக்கால்களிலும் வலி என்கிறார். முதுகிலும் சிறிது வலி உண்டு.

முதல் திரையில் இவ்வளவுதான் வரும். ‘இரண்டு காரணங்களை எழுதுக’ என்று மாணவரிடம் கேட்கப்படும். எழுதிய பிறகே தேர்ந்தவரின் எண்ணம் திறக்கும்: ‘நடந்தால் வலி, நின்றால் குறைவு என்பது இரண்டு நிலைகளில் வரும். ஒன்று, முதுகுத்தண்டுக் குழாய் குறுகி நரம்பை அழுத்துவது. மற்றொன்று, கால் இரத்தக் குழாய் அடைப்பு. முதுகுவலி முதலாவதன் பக்கமும், புகைப்பழக்கம் இரண்டாவதன் பக்கமும் இழுக்கின்றன. இரண்டையும் பிரிக்கும் கேள்வி ஒன்று வேண்டும்.’

அடுத்த திரையில் அந்தக் கேள்வி: வலி வந்ததும் என்ன செய்தால் குறைகிறது? வெறுமனே நின்றாலே சில நிமிடத்தில் குறைந்தால் இரத்தக் குழாய் அடைப்பின் பக்கம் எடை கூடும். உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் குறைகிறது என்றால் நரம்பு அழுத்தத்தின் பக்கம் கூடும். முன்னால் சாய்ந்து மிதிவண்டி ஓட்டும்போதும் கெண்டைக்கால் வலிக்கிறதா என்பது இன்னொரு சோதனை. குனிந்த நிலை நரம்புக்கு இடம் கொடுக்கும், ஆனால் உழைக்கும் தசைக்கு வேண்டிய இரத்தத்தைக் கூட்டித் தராது. இந்நோயாளியோ நின்றாலே குறைகிறது என்கிறார். மிதிவண்டியிலும் வலி வருகிறது. ‘அடுத்து எதைச் சோதிப்பீர்கள், ஏன்?’ என்று பக்கம் நிற்கும்.

பின்னர்ப் பாதத் துடிப்பு மெலிந்திருப்பது காட்டப்படும். கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண் 0.9-க்குக் கீழ் இருப்பதும் தரப்படும். இவை இரத்தக் குழாய் அடைப்பைச் சுட்டுகின்றன. இறுதியில் முடிவு: மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், முதுகுக்கு மட்டும் சிகிச்சை தொடங்குவது தவறு, இதய நோய் ஆபத்தையும் நினைவில் வைக்க வேண்டும். அத்துடன், இவ்வயதில் இரு நோய்களும் ஒருங்கே இருக்கலாம் என்பதால் முதுகுச் சோதனையைக் கைவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் வரும்.

சரியான விடையைவிட, ஒவ்வொரு தகவலும் எந்தக் கருதுகோளை எவ்வளவு நகர்த்தியது என்பதே இங்கே பாடம். தொடக்க மாணவர் தெரிந்த சோதனைகளையெல்லாம் வரிசையாகச் செய்துவிட்டு இறுதியில் குழம்புவதை இது தடுக்கிறது.

இணையம் கூட்டியது என்ன

எம்.ஐ.டி. நிறுவனம் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் திறப்பதாக 2001-இல் அறிவித்தது. 2005-இல் யூடியூப் தொடங்கியது. இவற்றால் பாடப்பொருளை வகுப்புக்கு வெளியே கொடுப்பது எளிதாயிற்று. மருத்துவ ஆய்ந்தறிதலுக்கு இணையம் செய்த உதவி நான்கு வகைப்படும். அச்சுப் பக்கத்தில் விடை கண்ணில் பட்டுவிடும். திரையில் மாணவர் எழுதும்வரை மறைத்து வைக்கலாம். நோயாளி நடக்கும் விதத்தையும், குனியும்போது முகம் சுளிப்பதையும் காணொளியில் காட்டலாம். அரிய நோயாளியை ஒவ்வொரு மாணவரும் சந்திக்கச் செய்யலாம். மாணவர் எந்தப் படியில் தடுமாறினார் என்பது ஆசிரியருக்குத் தெரியவரும்.

2020 மார்ச்சில் உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்றாக அறிவித்த பின், பல நாடுகளில் மாணவர்களின் மருத்துவமனைப் பயிற்சி நின்றது. அதுவரை துணையாக இருந்த இணைய எடுத்துக்காட்டுகள் சில மாதங்களுக்கு முதன்மைப் பாடமாயின. அதன் எல்லையும் அப்போது தெரிந்தது. மெலிந்த துடிப்பை விரலால் உணர்வதையோ, மூட்டின் இறுக்கத்தை உள்ளங்கையில் அறிவதையோ திரை கற்றுத்தராது.

திரை அமைப்பும் கவனிக்கத் தக்கது. வடிவியல் எடுத்துக்காட்டுகளில் படம் ஓரிடத்திலும் விளக்கம் வேறிடத்திலும் இருந்தால், இரண்டையும் இணைக்கும் முயற்சியே சுமையாகிவிடும் என்று சுவெல்லர் குழுவினர் 1980-களின் இறுதியிலேயே கண்டனர். காணொளி ஒரு பக்கத்திலும், அதற்கான விளக்கம் நான்கு சொடுக்குகளுக்கு அப்பாலும் இருக்கும் இணையப் பாடத்துக்கும் இது பொருந்தும்.

தாங்குதலை விலக்கும் நேரம்

எடுத்துக்காட்டு எல்லோருக்கும் எப்போதும் நன்மை தருவதில்லை. ஸ்லாவா கல்யூகா, சுவெல்லர் முதலியோர் 2001-இலும் 2003-இலும் வெளியிட்ட ஆய்வுகள், தேர்ச்சி கூடக்கூட எடுத்துக்காட்டின் பலன் குறைந்து, ஒரு கட்டத்தில் தலைகீழாகிவிடும் என்று காட்டின. தெரிந்ததையே மறுபடி படிக்க வைப்பது முன்னேறிய மாணவருக்குச் சுமை. இதற்குத் தீர்வாக அலெக்சாண்டர் ரெங்கல், ராபர்ட் அட்கின்சன் போன்றோர், படிகளைச் சிறிது சிறிதாக நீக்கும் முறையை ஆராய்ந்தனர். முதல் எடுத்துக்காட்டில் எல்லாப் படிகளும் இருக்கும். அடுத்ததில் இறுதி முடிவை மாணவர் எழுதுவார். அதற்கடுத்ததில் கடைசி இரண்டு படிகளும் அவர் பொறுப்பு. இறுதியில் நோயாளியின் குறிப்பு மட்டும் மிஞ்சும்.

தவறான எடுத்துக்காட்டுகளும் பயன்படுகின்றன. ராபின் ஸ்டார்க், வெரோனிகா கோப், மார்ட்டின் ஃபிஷர் ஆகியோர் ஜெர்மனியில் மருத்துவ மாணவர்களிடம் கணினிவழி நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வுகளில், நோயறிதலில் தவறு செய்த ஒருவரின் சிந்தனையும் எடுத்துக்காட்டாகத் தரப்பட்டது. தவறு ஏன் தவறு என்ற விரிவான விளக்கம் சேர்ந்தபோதுதான் அது நற்பலன் தந்தது.

இன்னொரு தடை நீக்கக் கடினமானது. இயற்கணிதக் கணக்குக்கு விடை ஒன்றே, நோயாளிக்கு அப்படியில்லை. இயன்முறை மருத்துவர் நோயை மட்டும் ஆராய்வதில்லை, நோயாளி தன் வலியை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார், எதற்கு அஞ்சுகிறார் என்பதையும் ஆராய்கிறார் என்று இயன் எட்வர்ட்ஸ், மார்க் ஜோன்ஸ் முதலியோர் 2004-இல் எழுதினர். ஆகவே எல்லாம் ஒழுங்காகக் கூடிவரும் எடுத்துக்காட்டுகளை மட்டுமே கண்ட மாணவர், உண்மையான நோயாளி முன் திகைத்து நிற்கக்கூடும். நல்ல எடுத்துக்காட்டில் தேர்ந்தவர் தாம் தயங்கிய இடத்தையும், முதலில் நினைத்ததைக் கைவிட்ட இடத்தையும் மறைக்காமல் எழுதியிருப்பார்.

கேபட்டின் மருத்துவமனைக் கூட்டம் முதல் இன்றைய கைப்பேசித் திரை வரை கருவிகள் மாறியுள்ளன. தேவை மாறவில்லை. பரிந்துரைச் சீட்டு இல்லாமல் கதவைத் திறந்து வரும் நோயாளி, தனக்கு எதிரில் இருப்பவர் நேற்றுப் பட்டம் பெற்றவரா, 20 ஆண்டு அனுபவம் உள்ளவரா என்று தெரிந்து வருவதில்லை. அந்த முதல் நாளுக்கு முன்பே, தேர்ந்தவர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பதைப் பலமுறை அருகிருந்து பார்த்திருக்கவும், பிறகு துணையின்றிச் சிந்தித்துப் பழகியிருக்கவும் மாணவருக்கு வாய்ப்பளிப்பதே இம்முறையின் நோக்கம்.